இந்திய மண்ணை மிதிக்காத முதல் கவர்னர்

புதுதில்லி: இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி என்றதும் ராபர்ட் கிளைவ், வாரன் ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசி பிரபு ஆகியோரின் பெயர்களே நினைவுக்கு வரும். அந்த ஆட்சிக்கு வித்திட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர் சர் தாமஸ் ஸ்மைத்தை அறிந்தோர் சிலரே. லண்டனில் தமது வீட்டிலிருந்தே கம்பெனியை நடத்திய அவர், ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.

ஸ்மைத் ஏறத்தாழ 1558-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை லண்டன் துறைமுகத்தில் இறக்குமதிச் சுங்கம் வசூலித்தவர். தாய்வழிப் பாட்டனார் ஆண்ட்ரூ ஜட் லண்டன் மாநகர மேயராக இருந்தவர். செல்வமும் செல்வாக்கும் ஒருசேர வாய்த்த குடும்பம் அது.

கீழைக் கடல்களில் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஈட்டிய லாபம் லண்டன் வணிகர்களின் கண்ணை உறுத்தியது. 1599 செப்டம்பரில் அவர்கள் கூடி 30,133 பவுண்டு முதலீட்டுக்கு உறுதியளித்தனர். 1600 டிசம்பர் 31-ஆம் தேதி எலிசபெத் அரசி அளித்த சாசனம், நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே 15 ஆண்டுகள் வணிகம் செய்யும் ஏகபோக உரிமையை அவர்களுக்கு வழங்கியது. முதல் கவர்னராக ஸ்மைத்தின் பெயர் அந்தச் சாசனத்திலேயே இடம்பெற்றது. கிழக்கே இருந்த நாடுகளை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

சிறையும் பட்டமும்: பதவியேற்ற சில வாரங்களிலேயே அவருக்குச் சோதனை வந்தது. 1601 பிப்ரவரியில் அரசிக்கு எதிராகக் கலகம் செய்த எஸ்ஸெக்ஸ் பிரபு, ஆதரவு நாடி ஸ்மைத்தின் வீட்டுக்குச் சென்றார். அப்போது ஸ்மைத் லண்டன் நகரின் ஷெரீஃபாகவும் இருந்தார். சந்தேகத்துக்கு உள்ளான அவர், ஷெரீஃப் பதவியை இழந்து லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் 1603-இல் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் அவருக்கு சர் பட்டம் அளித்தார். மறு ஆண்டே ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். கம்பெனியின் தலைமையும் மீண்டும் அவரிடம் வந்தது. சிறு இடைவெளிகள் நீங்கலாக, 1621 வரை அவரே கவர்னர்.

இரு கண்டங்கள், இரு முகங்கள்: அதே காலத்தில் அமெரிக்காவில் குடியேற்றம் நடத்திய வர்ஜீனியா கம்பெனிக்கும் 1609 முதல் 1619 வரை ஸ்மைத்தான் தலைமை வகித்தார். தலைவர் ஒருவரே, ஆயினும் இரு கம்பெனிகளும் சென்ற இடங்களில் நடந்துகொண்ட விதம் வேறு.

வர்ஜீனியாவில் பௌஹாட்டன் பழங்குடியினரின் நிலத்தில் ஆங்கிலேயர் கோட்டை கட்டினர், போரிட்டனர். 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில், ஏறத்தாழ 500 குடியேறிகளில் 60 பேரே மிஞ்சினர். எனினும் கம்பெனி பின்வாங்கவில்லை. லாட்டரி நடத்திப் பணம் திரட்டி மேலும் ஆள்களை அனுப்பியது. பழங்குடியினரின் நிலம் முதலீட்டாளர்களுக்குப் பங்கிடப்பட்டது.

இந்தியாவிலோ முகலாயப் பேரரசு வலிமையோடு விளங்கியது. இங்கு கம்பெனி பணிந்து நின்றது. 1609-இல் ஆக்ரா சென்ற வில்லியம் ஹாக்கின்ஸ், ஜஹாங்கீரின் அவையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் நிலையான உரிமை பெற இயலாமல் திரும்பினார். 1612-இல் சூரத் அருகே போர்ச்சுகீசியரைக் கடற்போரில் வென்ற பிறகே அங்கு வணிக நிலையம் அமைக்க வழி பிறந்தது. 1615-இல் மன்னரின் தூதராக, கம்பெனியின் செலவில், சர் தாமஸ் ரோ அனுப்பப்பட்டார். இந்தியாவில் கோட்டைகளும் தரைப்போர்களும் நஷ்டத்தையே தரும் என்பதே ரோ கூறிய ஆலோசனை.

அந்த அணுகுமுறை பலன் தந்தது. 1617-இல் கம்பெனிக்குத் திரண்ட புதிய முதலீடு 16 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

கணக்கில் எழுந்த புயல்: வர்ஜீனியாவில் லாபம் வரவில்லை. கணக்குகள் சரியாக இல்லை என்று பங்குதாரர்கள் குற்றம்சாட்டினர். 1619-இல் சர் எட்வின் சாண்டிஸ் தலைமைப் பொறுப்பேற்றார். 1624-இல் வர்ஜீனியா கம்பெனியின் சாசனமே ரத்தாயிற்று. குடியேற்றம் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. மறு ஆண்டு, 1625 செப்டம்பரில், கென்ட் பகுதியில் ஸ்மைத் காலமானார். பள்ளிக்கும் ஏழைகளுக்கும் அவர் விட்டுச்சென்ற அறக்கொடைகளுக்காக அங்கு அவர் நினைவுகூரப்படுகிறார்.

அவர் மறைந்து 140 ஆண்டுகளுக்குப் பின், 1765-இல், வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையை அதே கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. அதை எழுதிக் கொடுத்தவர் ஜஹாங்கீரின் வழித்தோன்றல் ஷா ஆலம். பேரரசு வலுவாக இருந்தவரை வாசலில் நின்ற கம்பெனி, அது தளர்ந்ததும் நிலத்துக்கே உரிமையாளர் ஆனது. வர்ஜீனியாவில் ஸ்மைத்தின் காலத்திலேயே நடந்தது, இந்தியாவில் சற்றுத் தாமதமாக நடந்தேறியது. 15 ஆண்டு வணிக உரிமத்துடன் தொடங்கிய அந்த அதிகாரத்தை 1858-இல் பிரிட்டிஷ் அரசு தன்வசமாக்கிக்கொண்டது. இந்தியர் கைக்கு அது வர மேலும் 89 ஆண்டுகள் ஆயின.