விண்ணின் பொழிவை அளந்த வித்தகர்

கரும்பு வண்டிகள் ஓய்ந்த இரவில் எங்கள் முண்டியம்பாக்கத்திலிருந்து வானை நோக்கினால் விண்மீன்கள் கண்ணைக் கவர்கின்றன. அதே வானிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத காமாக் கதிர்களும் வருகின்றன. பூமியின் காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், அவற்றைக் காணச் செயற்கைக் கோள்களில் கருவிகளை அனுப்புகிறார்கள். அத்துறையில் வழங்கும் 'பொழிவு' என்னும் சொல்லுக்குக் கணக்கு வகுத்தவர்களுள் ஒருவர் இந்தியர். அவரே டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் அவரைப் பொறியியல் கற்கக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மகனின் உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றால் விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. 1930-இல் பாபா அவ்வாறே தேறித் தம் விருப்பத்தையும் வென்றார்.

ஆற்றல் மிக்க காமாக் கதிர் கனமான உலோகத்தினுள் புகுந்தால் எலக்ட்ரான், பாசிட்ரான் என இரு துகள்களாக மாறும். இதற்கு 'இணை உருவாக்கம்' என்று பெயர். அத்துகள்கள் மீண்டும் காமாக் கதிர்களை உமிழும். அக்கதிர்கள் மீண்டும் இணைகளாகும். இப்படி ஒன்று பலவாகி மழைபோல் பெருகுவதே 'பொழிவு'. 1937-இல் பாபாவும் ஹைட்லர் என்னும் அறிஞரும் இதன் கணக்கை வகுத்தனர். 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி, இத்தகைய பொழிவை அளந்தே கதிரின் ஆற்றலை அறிகிறது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவது இன்றும் 'பாபா சிதறல்' என்றே வழங்குகிறது.

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவர், உலகப் போர் மூண்டதால் திரும்ப இயலவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. சர் சி. வி. இராமன் பணியாற்றிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அந்நிலையம் நம் உதகமண்டலத்திலும் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் அமைத்தது. 1948-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார்.

விக்ரம் சாராபாய் விண்வெளி ஆய்வைத் தொடங்கியபோது பாபா உறுதுணையாக நின்றார். தும்பாவில் மீனவ மக்கள் தங்கள் புனித மரிய மதலேனாள் ஆலயத்தையே அப்பணிக்கு விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. செபம் ஒலித்த இடத்தில் அறிவியல் வளர்ந்ததை எண்ணி நாங்கள் பெருமை கொள்கிறோம்.

1966 ஜனவரி 24-ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 56.

அடுத்து எந்தப் பிரிவை எடுப்பது என்று பத்தாம் வகுப்பில் நாங்கள் கலங்கி நிற்கிறோம். வீட்டார் ஒன்றைச் சொல்ல, எங்களுள் பலரின் மனம் மற்றொன்றைச் சொல்கிறது. பெற்றோரின் சொல்லைக் காத்துத் தம் கனவையும் காத்த பாபாவின் வாழ்க்கை எங்களுக்குத் துணிவு தருகிறது. கையிலுள்ள பாடத்தை முதலில் நன்கு முடிப்போம். பிறகு விருப்பத்தைப் பணிவுடன் கேட்போம். பெற்றோரும் அன்று அந்தத் தந்தையைப் போல் எங்களுக்குச் செவி சாய்ப்பார்களாக!