ராக்கெட் அமெரிக்காவுடையது, கடற்கரை நம்முடையது: விக்ரம் சாராபாய் உதவி கேட்ட விதம்

1963 நவம்பர் 21, மாலை நேரம். திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளித் திட்டத்தின் பிறந்தநாள் என்று இதைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது. அதன் முனையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. அந்தத் தளத்துக்கு ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டரும் தந்தது சோவியத் யூனியன்.

கியூபா ஏவுகணை விவகாரத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் போரின் விளிம்புவரை போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டையும் ஒரே கடற்கரைக்குக் கொண்டுவந்தவர் விக்ரம் சாராபாய்.

யார் இவர்?

1919-ல் அகமதாபாத்தில் பெரிய மில் முதலாளி குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். உலகப் போர் வந்ததும் ஊர் திரும்பி, பெங்களூருவில் சி.வி.ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1947-ல் முனைவர் பட்டம், அதே ஆண்டு அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம். அப்போது வயது 28. 1962-ல் ஹோமி பாபாவின் ஆதரவோடு தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் தலைவரானார்.

ஏன் தும்பா?

பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊருக்குப் பக்கத்தில் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கி.மீ. உயரத்தில், ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. வானிலை பலூன் 30 கி.மீ. சுமாருக்கு மேல் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்றாது. நடுவில் இருக்கும் வானத்தை அளக்க இந்த மாதிரி சின்ன ராக்கெட்தான் வழி.

சோடியம் எதற்கு? அந்தி நேரத்தில் தரை இருட்டாகிவிடும், ஆனால் மேலே இன்னும் வெயில் இருக்கும். அங்கே விட்ட ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் பிடித்தால் மேல்காற்றின் வேகமும் திசையும் தெரிந்துவிடும்.

வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் இந்த இடம் தேவைப்பட்டது. சாராபாயின் கணக்கு இதில்தான் இருக்கிறது. கையில் ராக்கெட் இல்லை, பணம் இல்லை, ஆனா இடம் இருந்தது. அதை ஒரே வல்லரசுக்குக் குத்தகைக்கு விடவில்லை. ஐ.நா. ஆதரவோடு பொதுத் தளமாக்கினார். 1968 பிப்ரவரியில் இந்திரா காந்தி அதை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். இன்னொரு பக்கம், அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் நாசாவில் பயிற்சி பெற்றார்கள். பிரான்ஸின் சென்டார் ராக்கெட்டை உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள்.

சிவில் திட்டம், ராணுவத் திட்டம் என்ற கோடு அவ்வளவு சுத்தமானது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே கலாம்தான் பின்னாளில் அக்னி ஏவுகணைக்குத் தலைமை தாங்கினார். 1992-ல் ரஷ்யாவிடம் கிரையோஜெனிக் இன்ஜின் வாங்கப்போன இஸ்ரோ மீது அமெரிக்கா தடை போட்டதற்குக் காட்டிய காரணமும் ஏவுகணைப் பரவல்தான்.

டிவி வந்தது, அவர் இல்லை

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அன்றும் இருந்தது. சாராபாயின் பதில் பள்ளிக்கூடம், விவசாயம், வானிலை. 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் போட்டார்: செயற்கைக்கோள் அவர்களுடையது, டிவி பெட்டியும் நிகழ்ச்சியும் நம்முடையது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக டிவி பார்த்தன. பல ஊர்களுக்கு அதுதான் முதல் டிவி.

அதைப் பார்க்க சாராபாய் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பாவுக்குப் பக்கத்திலேயே, கோவளத்தில் இறந்தார். வயது 52. அப்போது தும்பாவிலிருந்து சோவியத்தின் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் வாரம் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தன. அவர் போன பிறகும் பல ஆண்டுகள் போயின.