சிக்கனத்தால் உயர்ந்த செம்மல்: பெஞ்சமின் பிராங்கிளின்

மக்கள் வாழ்க்கைக்குப் பொருள் இன்றியமையாதது என்பதை அறியாதார் இலர். அதனை ஈட்டும் வழிகளைப் பற்றிப் பேசுவார் பலர். ஈட்டியதைக் காக்கும் வகையைக் கற்பிப்பார் மிகச் சிலர். சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை உலோபத்தோடு ஒன்றாக எண்ணி நகைக்கும் இயல்பும் நம்மிடையே உண்டு. உலோபி தானும் உண்ணான், பிறர்க்கும் ஈயான். அவனுடைய பொருள் அவனுக்கு எசமானாய் இருக்கின்றது. சிக்கனமுடையோன் வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியவற்றுக்கு வழிசெய்கின்றான். அவனுடைய பொருள் அவனுக்கு ஏவலாளாய் இருக்கின்றது. இவ்வேறுபாட்டை இனிது விளக்குவது அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கை. அதனைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்போம்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு சனவரி மாதம் 17ஆந் தேதி பொஸ்ரன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமுஞ் செய்து விற்றுப் பிழைத்தவர். அவருக்கு மனைவியர் இருவர் வழியே பிள்ளைகள் பதினெழுவர். ஆண்மக்களுள் இளையவர் நம் பிராங்கிளின். இத்துணைப் பெரிய குடும்பத்தைத் தாங்கிய தந்தையாரால் மகனை இரண்டு ஆண்டுகளுக்கு மேற் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. பத்து வயதிலேயே சிறுவர் திரி வெட்டவும் அச்சில் மெழுகு வார்க்கவும் தொடங்கினார்.

ஏழு வயதில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி அவர் வாழ்வு முழுவதையும் தொடர்ந்தது. விடுமுறை நாளொன்றில் உற்றார் கொடுத்த செப்புக் காசுகளை யெல்லாம் ஓர் ஊதுகுழலுக்குக் கொடுத்துவிட்டு, வீடெங்கும் ஊதித் திரிந்தார். அதன் விலையைப் போல் நான்கு மடங்கு கொடுத்ததாக உடன்பிறந்தார் எடுத்துக் காட்டியதும் அவருக்கு அழுகை வந்தது. குழல் தந்த இன்பத்திலும் இழந்த காசு தந்த துன்பமே பெரிதாயிற்று. முதியவரான பின்னரும் அவர் இதனை மறக்கவில்லை. புகழுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் தம் ஓய்வையும் உரிமையையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுப்போரைக் காணுந்தோறும், ஊதுகுழலுக்கு அளவிறந்த விலை கொடுத்தோராகவே அவர்களைக் கருதினார்.

பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்திற் பயிலுநராகச் சேர்ந்தார். நூல்களின் மேல் அடங்காத ஆசை, கையிற் காசில்லை. அவருக்குப் பதினாறு வயதான போது, மரக்கறி உணவின் மேன்மையை விளக்கும் நூலொன்று கைக்கு வந்தது. அதனைப் படித்த பிராங்கிளின் புலாலை நீக்கினார். தமது உணவுக்காகச் செலவாகும் பணத்திற் பாதியைத் தந்தாற் போதும், உணவைத் தாமே பார்த்துக்கொள்வதாகத் தமையனாரிடம் கூறினார். தமையனாரும் உடன்பட்டார். அவ்வாறு பெற்ற பாதியிலும் பாதி மிஞ்சியது! மிஞ்சியதெல்லாம் நூலாயிற்று. ஏனையோர் உண்ணச் சென்ற வேளையில் அவர் அச்சுக்கூடத்தில் தனியே இருந்து, ஒரு துண்டு ரொட்டியும் ஒரு பிடி உலர்ந்த முந்திரிகையும் உண்டு நீர் பருகி, எஞ்சிய நேரமெல்லாம் படித்தார். பள்ளியில் தமக்குக் கைவராத கணிதத்தை அவ்வேளைகளிலே தாமாகவே கற்றுத் தேறினார். சிக்கனம் பணத்தை மட்டுமன்று, காலத்தையும் ஈட்டித் தரும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? அப்புலால் மறுப்பைப் பிற்காலத்தில் அவர் கைவிட்டார். ஆயினும் அது தேடித்தந்த நூலறிவு அவரைக் கைவிடவில்லை.

1723ஆம் ஆண்டில் தமையனாரோடு மாறுபட்டுப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அப்பொழுது வயது பதினேழு. கையிருப்பு ஓர் ஒல்லாந்த டொலரும் ஏறக்குறைய ஒரு சிலிங் பெறுமதியான செப்புக் காசுமே. அச்செப்புக் காசையும் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டார். மூன்று பென்சுக்கு வாங்கிய மூன்று ரொட்டிகளுள் ஒன்றைத் தாம் உண்டு, ஏனைய இரண்டையும் உடன் பயணஞ் செய்த ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் ஈந்தார். சிக்கனத்தோடு ஈகை உடன்பிறந்தது என்பதை அவ்வறியாப் பருவத்திலேயே காட்டினார் என்க.

இவர் பிழையே செய்யாதவர் என்று நாம் கூற வரவில்லை. ஒருவர் தமக்காகத் தண்டி வைக்குமாறு ஒப்புவித்த 35 பவுண் வரையான பணத்தில் கைவைத்து, மதுவுக்கு அடிமையான நண்பனொருவனுக்குச் சிறிது சிறிதாகக் கடன் கொடுத்தார். நண்பன் திருப்பிக் கொடாமலே மறைந்தான். உரியவர் எப்பொழுது கேட்பாரோ என்ற அச்சம் ஆண்டுக் கணக்காக அவர் நெஞ்சை அரித்தது. வாழ்க்கையிற் செய்த பெரும் பிழைகளுள் ஒன்றாக அதனை அவரே பின்னர் எழுதிவைத்தார். முதலும் வட்டியுமாக அக்கடனைத் தீர்த்த பின்னரே அவர் மனம் ஆறியது. கடன்பட்டோர் நெஞ்சம் படும் பாட்டை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர்.

1724ஆம் ஆண்டு முடிவில் இலண்டன் மாநகரை அடைந்து, ஆங்குள்ள அச்சுக்கூடங்களில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தொழில் செய்தார். ஆங்கிருந்த தொழிலாளர் பெருங்குடியர். ஒருவன் காலையுணவுக்கு முன்னர் தொடங்கி மாலை வேலை முடியும் வரை நாளொன்றுக்கு ஆறு பைந்து பியர் குடிப்பான். சனிக்கிழமை தோறும் கூலியில் நான்கைந்து சிலிங் அதற்கே கழியும். வலிமைக்காகக் குடிப்பதாக அவர்கள் கருதினர். பிராங்கிளினோ நீரன்றி வேறு பருகார். ஆயினும் ஏனையோர் இருகையாலும் ஒன்றாகத் தூக்கிய எழுத்துச் சட்டங்களை அவர் கைக்கு ஒன்றாக இரண்டு தூக்கிப் படியேறினார். நீர் பருகும் அமெரிக்கன் என்று அவரை எள்ளியவர்களுட் பலர், அவரைப் பின்பற்றிப் பியரை விடுத்துக் காலையிற் கஞ்சி பருகத் தொடங்கினர்.

அவர் தங்கிய வீட்டின் மேன்மாடத்தில் எழுபது வயதுள்ள கன்னிமூதாட்டி ஒருவர் துறவி போல் வாழ்ந்தார். தம் சொத்தையெல்லாம் அறத்துக்கு ஈந்து, ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுண் மட்டுமே தமக்கென வைத்திருந்தார். கஞ்சியே உணவு, அது காய்ச்சவன்றி வேறெதற்கும் தீ மூட்டார். அப்பன்னிரண்டு பவுணிலும் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுத்தார். நோயும் அவரை அணுகியதில்லை. உயிர் வாழவும் நலம் பேணவும் எவ்வளவு சிறிய வருவாய் போதும் என்பதை அவ்வம்மையாரிடம் பிராங்கிளின் கண்டார்.

1726இற் பிலடெல்பியாவுக்கு மீண்டு, 1728இற் கூட்டாளி ஒருவரோடு சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். முதலீடு கடன்பட்டது. ஆதலாற் சிக்கனமாயிருப்பதோடு அமையாது, சிக்கனமுள்ளவராய்ப் பிறர் கண்ணுக்குத் தோன்றவும் வேண்டியிருந்தது என்று அவரே மறையாது கூறுகின்றார். எளிய உடை உடுத்தார். வீண்பொழுது போக்குமிடங்களை அணுகார். வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிச் சென்றார். அவ்வூரில் அக்காலத்தே அச்சுத்தொழில் நடாத்திய மற்றோரிளைஞன் பிரபுவைப் போல் உடுத்து, களியாட்டிற் காலங் கழித்துக் கடனில் மூழ்கினான். அவன் பார்படோசுத் தீவுக்குப் போய், ஆங்கும் தாழ்ந்து, ஈற்றில் அச்செழுத்துக்களையே விற்க நேர்ந்தது. தொழில் ஒன்றே; ஊரும் ஒன்றே; நடை மட்டுமே வேறு.

1730இற் பிராங்கிளினின் வாழ்க்கைத் துணையான டெபோராவும் கணவருக்கு ஏற்ற மனையாட்டி. நூல்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதஞ் செய்வோருக்காகப் பழந்துணி வாங்கினார். இரண்டு பென்சு பெறும் மட்கலத்தில், ஈயக் கரண்டியால், பாலும் ரொட்டியும் உண்பதே பிராங்கிளினின் காலையுணவு. ஒருநாள் அவர்முன் சீனக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்தன. விலை 23 சிலிங்! அயலார் எவருக்குந் தம் கணவர் தாழ்ந்தவரல்லர் என்பதே அம்மையார் கூறிய காரணம். அதன் பின்னர் அவ்வில்லத்தில் வெள்ளியும் பீங்கானும் ஆண்டுதோறும் பெருகிப் பல நூறு பவுண் பெறுமதியை எட்டின. ஆடம்பரம் அன்பின் வடிவிலே வீட்டினுள் நுழையும் என்பதை அவர் நகையோடு குறித்துள்ளார். நம் இல்லங்களிலும் அஃது அவ்வாறே நுழைகின்றது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தனியொருவர் வாங்க இயலாத நூல்களைப் பலர் கூடி வாங்கலாம் என்று எண்ணி, 1731இல் ஐம்பதின்மரைத் திரட்டி, ஆளுக்கு முதலில் 40 சிலிங்கும் ஆண்டுக்கு 10 சிலிங்கும் பெற்று நூல்நிலையம் அமைத்தார். 1732 முதல் அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் உழைப்பையும் சிக்கனத்தையும் எளிய மக்களுக்குக் கற்பித்து, ஆண்டுதோறும் ஏறக்குறையப் பத்தாயிரம் படிகள் விற்றது.

1748இல், நாற்பத்திரண்டாம் வயதில், அச்சுக்கூடத்தைப் பங்காளர் ஒருவரிடம் ஒப்படைத்துத் தொழிலினின்று ஓய்வு பெற்றார். சிக்கனத்தின் பெரும்பயன் இதுவே. அவர் சேர்த்தது காசு என்பர். நாமோ அவர் சேர்த்தது உரிமை என்போம். வயிற்றுக்காகப் பிறர்முகம் பார்க்க வேண்டாத அவ்வுரிமையினாலன்றோ மின்னாராய்ச்சியும், இடிதாங்கியும், மருத்துவமனையும், பின்னாளிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமாக மலர்ந்த கல்விக்கழகமும் உலகுக்குக் கிடைத்தன? தாம் புனைந்த கணப்படுப்புக்குத் தனியுரிமை அளிக்க ஆளுநர் முன்வந்த போதும் அதனை மறுத்தார். பிறர் கண்டுபிடிப்புக்களால் நாம் பயன்பெறுவது போல நம்முடையனவும் பிறர்க்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கருத்து. உலோபி இவ்வாறு செய்வானோ?

1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். பிரான்சு நாட்டிற் தூதுவராயிருந்து உதவி பெற்றுத் தந்தார். பாரிசு நகரின் அருகே வசித்த அக்காலத்தில் அவருடைய இல்லத்து நிலவறையில் மதுக்குப்பிகள் நிறைந்திருந்தன என்பதையும், அடிமைகளை முன்னர் வைத்திருந்தார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. அடிமை முறையை ஒழிக்க முயன்ற சங்கத்துக்கு 1787இல் தலைவராகி, 1790இல், தம் இறுதி மாதங்களில், அதன்பொருட்டுக் காங்கிரசு மன்றத்துக்கு விண்ணப்பமும் அனுப்பினார். அவ்வாண்டு ஏப்பிரில் 17ஆந் தேதி, எண்பத்து நான்காம் வயதிற் காலமானார்.

அவர் தம் இறுதி ஆவணத்திற் பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுண் விட்டுச் சென்றார். தொழில் தொடங்கும் இளங்கைவினைஞருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதனைக் கடனாகக் கொடுத்து, இருநூறு ஆண்டு பெருக்குமாறு பணித்தார். இளமையில் நண்பர் தந்த கடனால் தாம் தலையெடுத்ததை அவர் மறக்கவில்லை. 1990இல் அத்தவணை முடிந்தபோது பொஸ்ரனின் நிதி நாற்பது இலட்சம் டொலருக்கு மேலும், பிலடெல்பியாவின் நிதி ஏறக்குறைய இருபது இலட்சம் டொலருமாக வளர்ந்திருந்தன.

பழைய மாணவர்காள், மாணாக்கர்காள்! பிடியரிசி சேர்த்துப் பள்ளிகளைத் தாங்கிய மக்களின் வழியில் வந்தோர் நாம். மாணாக்கர் உண்ணும் வேளையிலும் நூலை நினைந்த சிறுவரைப் பின்பற்றுக. உழைத்துப் பொருளீட்டும் பழைய மாணவர், அயலார் மெச்சுவதற்காகக் கடன்பட்டுக் கொண்டாட்டஞ் செய்யுமுன்னர் அவ்வூதுகுழலை ஒருகால் நினைக்க. அவ்வாறு மிஞ்சும் பொருள் எவ்வளவு சிறிதாயினும், அதனில் ஒரு பகுதி நம் கல்லூரியில் வறுமையோடு போராடிக் கற்கும் ஒரு பிள்ளையின் நூலாக மாறுமாயின், இவ்வரலாற்றை ஈண்டு எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.