ஒலெக் லோசெவ்

ஒலெக் விளாதிமீரோவிச் லோசெவ் (மே 10, 1903 - ஜனவரி 22, 1942) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த இயற்பியலாளர், வானொலித் தொழில்நுட்ப ஆய்வாளர் ஆவார். ஒளியுமிழ் இருமுனையத்தின் (எல்.இ.டி) முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமை

லோசெவ் ரஷ்யாவின் த்வேர் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே வானொலியில் ஆர்வம் கொண்டார். 1920 இல் பள்ளிக் கல்வியை முடித்தபின் நீழ்னி நோவ்கொரத் வானொலி ஆய்வுகூடத்தில் ஏவலாளராகச் சேர்ந்தார். முறையான உயர்கல்வியை முடிக்காமலே அங்கு ஆய்வாளராக உயர்ந்தார்.

படிகப் பெருக்கி

அக்காலத்தில் மின்குறிப்புகளைப் பெருக்க வெற்றிடக் குழல்களே பயன்பட்டன. அவை விலை கூடியவை. எதிர்மின்வாயைச் சூடாக்கத் தனி மின்கலமும் தேவைப்பட்டது. 1922 இல் லோசெவ், சின்கைட் படிகத்தின் மீது உலோக ஊசி தொடும் புள்ளியில் எதிர்மறை மின்தடை தோன்றுவதைக் கண்டார். இதைக் கொண்டு குழல் இல்லாமலே அலைகளை உருவாக்கவும் பெருக்கவும் அவரால் முடிந்தது. இக்கருவி கிரிஸ்டடைன் எனப் பெயர் பெற்று, 1924 இல் வெளிநாட்டு வானொலி இதழ்களிலும் பேசப்பட்டது. எனினும் ஏற்ற புள்ளியை ஊசியால் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்தது. குழல்கள் மேம்பட்டபோது இக்கருவி வழக்கொழிந்தது.

குளிர் ஒளி

சிலிக்கன் கார்பைடு படிகத்தில் மின்னோட்டம் பாயும்போது ஒளி எழுவதை 1907 இல் ஹென்றி ரவுண்ட் என்பவர் குறிப்பிட்டிருந்தார். லோசெவ் 1920களில் இதைத் தனியே கண்டறிந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இவ்வொளி வெப்பத்தால் எழுவதன்று என நிறுவினார். மின்னோட்டத்தை மாற்றி ஒளியை விரைவாகக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் உணர்ந்து, 1927 இல் ஒளி ரிலே ஒன்றுக்குக் காப்புரிமம் கோரினார். அவரது கட்டுரைகள் வெளியானபோதும், குறைகடத்திக் கொள்கை முழுமை பெறாத அந்நாளில் அவை தொடரப்படவில்லை.

இறுதிக்காலம்

1928 இல் ஆய்வுகூடப் பணிகள் லெனின்கிராடுக்கு மாற்றப்பட்டபோது இவரும் அங்கு சென்றார். 1937 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தார். 1938 இல் ஆய்வேடு சமர்ப்பிக்காமலே கேண்டிடேட் பட்டம் பெற்றார். 1941 இல் ஜெர்மானியப் படைகள் நகரை முற்றுகையிட்டன. அங்கேயே தங்கிய லோசெவ் பட்டினியால் தமது 38 ஆவது வயதில் இறந்தார்.

பின்னாளைய பயன்பாடு

1962 இல் நிக் ஹோலன்யாக் சிவப்பு ஒளி தரும் இருமுனையத்தை உருவாக்கிய பின்னர் இவ்வகைக் கருவிகள் பரவலாயின. இன்று வெற்றிடக் குழல் ஒலிபெருக்கிகளை அமைப்போர் சிலர் அவற்றை ஒளிக்காக அன்றி வேறொரு பணிக்கும் பயன்படுத்துகின்றனர். குழலின் கட்டுப்பாட்டு மின்வாய் எதிர்மின்வாயை விடச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் இருத்தல் வேண்டும். வழக்கமாக எதிர்மின்வாய்க்கும் புவியிணைப்புக்கும் இடையே ஒரு மின்தடையும், அதற்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தேக்கியும் இதற்கென வைக்கப்படும். இவ்விரண்டுக்கும் பதிலாக ஒரு சிவப்பு எல்.இ.டி வைத்தால், மின்னோட்டம் மாறினாலும் அதன் குறுக்கே ஏறத்தாழ 1.6 முதல் 2 வோல்ட் வரையிலான அழுத்தம் பெரிதும் மாறாமல் நிற்கும். குழலுக்கு மாற்றாகப் படிகத்தை முன்வைத்தவர் லோசெவ். அவர் ஆராய்ந்த ஒளிரும் படிகத்தின் வழிவந்த கருவி இங்கு குழலுக்கே துணையாகிறது.