மேடையில் முடிந்த வாழ்வு

மேற்கு நாடுகளில் ராக் இசைக் கலைஞர்கள் போரையும் நிறவெறியையும் எதிர்த்துப் பாடிப் புகழ்பெறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பாட்டால் அதிகாரத்தை எதிர்த்தவர் 1886-இல் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ்.

அவர் நடித்தவை புராண நாடகங்கள். ஆனால், வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி, அவர் மேடையில் வெள்ளையரை விரட்டும் காட்சியாயிற்று. வெள்ளைக் கொக்கு யாரைக் குறிக்கிறது என்பது எழுத்தறியாதவர்க்கும் விளங்கியது. ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் கதரையும் அவர் பாடினார். நாடகங்களைத் தடைசெய்ய 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. பலமுறை சிறை சென்றும் அவர் பாட்டை நிறுத்தவில்லை.

அந்நிய ஆட்சி மட்டுமா அவரை ஒடுக்கியது? நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு. முருகனாக வேடமிட்டவரை வணங்கிய ஊர், வேடம் கலைந்ததும் சாதியைக் கேட்டது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அரசு நினைவில்லம்.

மல்லாங்கிணறு, சிவகாசி உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டம் அவரை விடுதலை வீரராகப் போற்றுகிறது. அது பாதிக் கடன்தான். கலைஞனின் பிறப்பைக் கேளாத சமூகமாக நாம் மாறுவதே மீதிக் கடன்.