1 டாலருக்கு இன்சுலினைக் கொடுத்த டாக்டர்: பாட்டி வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கும் ஊசியின் கதை

பண்டமாரானில் உங்கள் பாட்டி வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இன்சுலின் இருந்தால் ஆச்சரியமில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது.

ஊசி என்றதுமே நம் வீடுகளில் ஒரு பயம். நோய் முத்திப்போச்சு, இனி அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இன்சுலினைக் கண்டுபிடித்தவரின் கதை வேறு மாதிரி சொல்கிறது.

நோயாளியே வராத கிளினிக்

பிரெடெரிக் பேண்டிங் 1891 நவம்பர் 14-ஆம் தேதி கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் பெரிய கெட்டிக்காரர் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலேயே தவறி, பிறகு மருத்துவத்துக்கு மாறினார். முதல் உலகப் போரில் காயமடைந்து திரும்பியவர், 1920-இல் சொந்தமாகக் கிளினிக் திறந்தார். கிட்டத்தட்ட நான்கு வாரம் ஒருத்தரும் வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்.

செலவுக்காகப் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கப் போனார். அதற்குத் தயார் செய்தபோதுதான் கணையத்தைப் பற்றி ஒரு கட்டுரையைப் படித்தார். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்ற யோசனையில் அன்றிரவு தூக்கம் போனது.

டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மெக்லியோட் அரைமனதோடு ஆய்வகம் தந்தார். 1921 மே மாதம், சார்ல்ஸ் பெஸ்ட் என்ற இளைஞரோடு பேண்டிங் வேலையைத் தொடங்கினார். நாய்களிடம் பலன் தெரிந்தது. ஆண்டுக் கடைசியில், மருந்தைச் சுத்தப்படுத்த ஜேம்ஸ் காலிப் சேர்ந்தார்.

எலும்பும் தோலுமாக ஒரு பையன்

அந்தக் காலத்தில் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு மருந்தே கிடையாது. பட்டினி போட்டுச் சில மாதம் ஆயுளை நீட்டிப்பார்கள். லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் சுமார் 30 கிலோவுக்கு இளைத்திருந்தான்.

1922 ஜனவரி 11-ஆம் தேதி அவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை; சரிப்படவில்லை. காலிப் இன்னும் சுத்தப்படுத்தித் தந்த மருந்தை ஜனவரி 23-இல் போட்டபோது சர்க்கரை இறங்கியது. தாம்சன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் பேண்டிங்குக்கும் மெக்லியோட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று கொதித்த பேண்டிங், தன் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். காப்புரிமையை வைத்துக் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அதைத் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் இத்தனை வகை?

பேண்டிங் காலத்து இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது. சில மணி நேரமே வேலை செய்யும் என்பதால் ஒரு நாளைக்குப் பல தடவை குத்த வேண்டும். அதன்பின் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த நேரப் பிரச்சினையைத் தீர்க்கத்தான்.

1946-இல் டென்மார்க்கில், புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து மெதுவாக வேலை செய்யும் இன்சுலினை உருவாக்கினார்கள். 1982-இல் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நீங்கள் பார்க்கக்கூடியவை இவை:

அதிவேக வகை: சுமார் 15 நிமிடத்தில் வேலை தொடங்கும். சாப்பாட்டோடு ஒட்டிப் போடுவது.

குறுகிய நேர வகை: பெயரோடு 'ஆர்' எழுத்து இருக்கும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு.

நடுத்தர வகை: 'என்' எழுத்து. பால் மாதிரி கலங்கலாக இருக்கும். போடும் முன் உள்ளங்கையில் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும்.

நீண்ட நேர வகை: ஒரு நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும். சாப்பாட்டுக்கான ஊசி இது இல்லை.

கலவை வகை: வேகமானதும் மெதுவானதும் ஒரே பேனாவில். '30/70' என்பது கலந்திருக்கும் விகிதம்.

இரண்டு பேனா இருக்கும் வீட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால், நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

பேண்டிங் 1941 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்தார். வயது 49. அவர் பிறந்தநாள்தான் இன்று உலக நீரிழிவு தினம்.

அவர் 1 டாலருக்குக் கொடுத்த மருந்தை, நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் வாங்கலாம். விலை இங்கே தடையில்லை; பயம்தான் தடை. அடுத்த தடவை பாட்டி வீட்டுக்குப் போகும்போது லேபிளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று டாக்டர் சொன்னபடி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.