ஒரே வேரில் இரண்டு மருந்து
டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல்: ஒரு நினைவு



மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இன்ஜினியர் ஆயிற்றே, விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு டாக்டரை. படிப்பு முடிந்த நாளிலிருந்து சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் இயந்திரம், மின்சாரம் என்று அலைகிறவன் நான். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதைச் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாட்டு மருந்து ஒன்றை அளவுக்குள் கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டியவர் இவர் என்பதால் எனக்கு இவர் மேல் தனிப் பிரியம்.

பெயரைப் பார்த்து கோர்ட் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். ருஸ்தம் ஜால் வக்கீல் பார்சி குடும்பத்தைச் சேர்ந்தவர். 1911-ல் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்து பம்பாய்க்குத் திரும்பினார். அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் இதய நோய் நிபுணராகப் பெயர் எடுத்தார். நம் ஊர் டாக்டர்கள் பலர் மாணவப் பருவத்தில் புரட்டிய வக்கீல் - கோல்வாலா புத்தகத்தின் வக்கீல் இவர்தான்.

அந்தக் காலத்தில் பிபி என்கிற ரத்த அழுத்த நோய்க்கு உருப்படியான மாத்திரை கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ல் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது டாக்டர்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்ய முடிந்தது? முதுகுப் பக்கம் நரம்பை வெட்டும் ஆபரேஷன் ஒரு வழி. அரிசிச் சோறும் பழமும் தவிர வேறொன்றும் தொடாத பத்தியம் இன்னொரு வழி. அவ்வளவுதான்.

நம் நாட்டிலோ சர்ப்பகந்தா என்று ஒரு செடி இருந்தது. அதன் வேரைப் பாம்புக்கடிக்குக் கொடுத்தார்கள், தூக்கம் வராதவர்களுக்குக் கொடுத்தார்கள். பீகார் பக்கம் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் சித்தப்பிரமையையும் தணிக்கிறது, ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற வேதியியலாளர் வேரிலுள்ள சத்துக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1933-ல் இந்திய மருந்தியலின் தந்தை எனப்படும் ராம்நாத் சோப்ரா தம் குழுவுடன் அதை ஆராய்ந்தார். செர்ப்பினா என்ற பெயரில் மாத்திரையாகவும் வந்துவிட்டது. ஆனாலும் கடல் தாண்டி யாரும் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் வக்கீலின் வேலை வருகிறது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அளந்தார். பிபி நோயாளிகள் 50 பேரை எடுத்துக்கொண்டு, மருந்துக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் குறித்தார். 1949-ல் அந்தக் கணக்கைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். பாட்டி சொன்ன வைத்தியத்தை யாரும் நம்ப வேண்டாம், இந்தப் பட்டியலைப் பாருங்கள் என்பது போல இருந்தது அது. இன்ஜினியருக்கு இதைவிடப் பிடித்த பாஷை வேறு உண்டா?

அந்தக் கட்டுரை பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் கண்ணில் பட்டது. அவர் அந்த வேரைத் தருவித்துத் தம் பிபி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் குறைந்ததோடு, நோயாளிகளின் மனமும் அமைதியானதைக் கவனித்தார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் நாதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதைத் தம் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்து, 1954-ல் முடிவுகளை வெளியிட்டார். கத்திக்கொண்டும் மோதிக்கொண்டும் இருந்தவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அன்றைய நிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல ஆஸ்பத்திரிகளில் மட்டும் ஐந்தரை லட்சம் பேர் அடைபட்டிருந்தார்கள். இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்துவது, மின் அதிர்ச்சி, மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டுவது, இவைதான் வைத்தியம். வக்கீலின் கட்டுரை வந்த அதே 1949-ல் அந்த மூளை வெட்டுக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். வெட்டுவதிலிருந்து மாத்திரைக்கு வந்த பாதை இரண்டு. ஒன்று, பாரிஸில் 1952-ல் தொடங்கிய குளோர்புரோமசின். மற்றொன்று நம் சர்ப்பகந்தா. 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதை இந்த இரண்டு மருந்துகளுக்காகவும் சேர்த்துக் கொடுத்தபோது, மனநல மருத்துவர்கள் கிளைன், டெனிக்கர், லேமான் ஆகியோரோடு நம் பம்பாய் இதய டாக்டரும் ஒருவர்.

பிபிக்கும் மனதுக்கும் ஒரே வேர் எப்படி வேலை செய்யும் என்று கேட்கிறீர்களா? பட்டாசு ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்தை மேகசின் என்ற தனிக் கட்டடத்தில் இருப்பு வைத்து, வேண்டும்போது எடுப்போம். நரம்பின் நுனியிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேகசின்கள் உண்டு. நோரட்ரினலின், டோபமின், செரடோனின் என்ற ரசாயனங்கள் அவற்றில் இருப்பு இருக்கும். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல அவற்றைத்தான் வெளியே விடும். ரெசர்பின் அந்த மேகசினுக்குள் சரக்கு ஏற்றும் வாசலைப் பூட்டிவிடுகிறது. வெளியே கிடக்கும் சரக்கு சிதைந்துபோகும். ரத்தக் குழாய்க்குப் போகும் நரம்பில் இருப்பு தீர்ந்தால் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். மூளையில் இருப்பு குறைந்தால் கொந்தளிப்பு அடங்கும். பூட்டு ஒன்று, பூட்டிய இடம் இரண்டு.

1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டார். முயல்கள் எழுந்து ஓடின. டோபமின் மூளையில் என்ன வேலை செய்கிறது என்பது அதிலிருந்து விளங்கியது. பார்க்கின்சன் நோய்க்கான மருந்தும் அந்த வழியில் வந்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் காட்டு வேர் ஒன்று மூளையின் பூட்டைத் திறக்கும் சாவியாகவும் இருந்திருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். அதிக அளவில் எடுத்த சிலருக்கு ரெசர்பின் கடுமையான மனச்சோர்வைக் கொண்டுவந்ததாகச் செய்திகள் வந்தன. ரசாயனம் குறைந்தால் சோர்வு வரும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று இன்று தெரிகிறது. இதைவிட நல்ல மருந்துகள் வந்தபின் ரெசர்பின் பின்னுக்குப் போய்விட்டது. ஆகவே யாரும் நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி அரைத்துக் குடித்துவிட வேண்டாம்.

வக்கீலுக்கு 1958-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1974-ல் மறைந்தார். அவர் வாழ்க்கை முடிந்துவிட்டது. அது நமக்குச் சொல்லும் விஷயம் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி. ஆலை பெயர், ஊர் பெயர் வேண்டாம். பக்கத்து அறையில் நடந்த விபத்தில் அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்தார். ஆனால் பிறகு தூக்கம் போயிற்று. கதவு அடித்தாலே உடம்பு நடுங்கும். டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கினார்கள். வீட்டில் அவருடைய அம்மாவின் பிபி மாத்திரை டிவி மேலேயே கிடக்கும். இவருடைய மாத்திரை அரிசி டிரம்முக்குள் இருக்கும். பெண் கொடுக்கல் வாங்கலில் சிக்கல் வருமாம். ஒருநாள் சொந்தக்காரர்கள் வந்து தங்கியபோது வெளியே எடுக்க முடியாமல் நிறுத்தியவர், அப்படியே விட்டுவிட்டார். பழைய நடுக்கம் திரும்பி வந்தது.

அம்மா மாத்திரைக்கு இல்லாத வெட்கம் மகன் மாத்திரைக்கு மட்டும் ஏன்? ஒரு காலத்தில் இரண்டு நோய்க்கும் ஒரே வேரை அரைத்துக் கொடுத்த நாடு இது. இந்த வெட்கம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமக்குப் பக்கத்து மாவட்டமே காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். மாத்திரை வந்து 47 வருஷம் ஆகியிருந்தது. வக்கீலின் கணக்கு பாஸ்டன் வரை போய்விட்டது, ஏர்வாடிக்கு வந்து சேரவில்லை.

இப்போது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனை கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். ஆலை வைத்திருக்கும் நம் பழைய மாணவர்கள், விபத்துக்குப் பிறகு உடம்புக் காயத்துக்கு ஆஸ்பத்திரி அனுப்புவது போல மனக் காயத்துக்கும் அனுப்பலாம். ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகள், ரூமில் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் கேலி செய்யாமல் கூட்டிப்போகலாம். மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாமல் இருக்கலாம்.

அந்த அரிசி டிரம்முக்குள் இருக்கும் மாத்திரை அட்டை டிவி மேலே வந்து உட்கார்ந்தால், டாக்டர் வக்கீலுக்கு நம் மாவட்டம் செலுத்தும் மரியாதை அதுவாகத்தான் இருக்கும். அடுத்த சந்திப்பில் எல்லோரும் நலமாகக் கூடுவோம்.